லூ கெஹ்ரிக் என்னும் வீரர்

பெரியோர் சரித்திரங்களை நாம் வாசிப்பது இரு பயன் கருதியாகும். அவர்தம் வெற்றிகளைக் கண்டு ஊக்கம் பெறுதல் ஒன்று. அவர்க்கு இடுக்கண் நேர்ந்தவிடத்து அவர் ஒழுகிய நெறியை உணர்ந்து, நமக்கும் நம்மவர்க்கும் அத்தகைய காலம் வருமாயின் தளராதிருக்கக் கற்றல் மற்றொன்று. முதற்பயனைத் தரும் சரித்திரங்கள் பல. இரு பயனையும் ஒருங்கே தருவன மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் விளையாட்டிற் பெரும்புகழ் பெற்று, 1941ஆம் ஆண்டில் தமது 37ஆம் பிராயத்தில் காலஞ்சென்ற லூ கெஹ்ரிக் என்பாருடைய சரித்திரமாகும்.

பேஸ்பால் விளையாட்டு நம் நாட்டில் அதிகமாக வழங்குவதன்று. அவ்வாறிருக்க, கடல் கடந்த நாட்டு விளையாட்டு வீரர் ஒருவருடைய வரலாறு நம் கல்லூரி மலரில் இடம்பெறுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை இதுவே: அவரைக் கொண்ட நோய், இயக்க நரம்பணு நோய் வகையைச் சேர்ந்த ஏ.எல்.எஸ். என்பது. அந்நோய் நாடு, மொழி, குலம் என்னும் வேறுபாடு பாராது எங்கும் தோன்றுவது. ஐரோப்பிய நாடுகளில் ஆண்டுதோறும் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ இருவர் வீதம் இதற்கு ஆளாகின்றனர் என வைத்தியர் கணக்கிட்டுள்ளனர். நம் மாணவர் பலருக்குச் சொந்த ஊர்களாகிய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் இருந்தனர். மேற்கூறிய வீதத்திற் பாதியே என்று கொள்ளினும், அவ்விரு மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் பன்னிரண்டு பதின்மூன்று குடும்பங்கள் இந்நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்கவேண்டியவராவர். அக்குடும்பங்களுள் ஒன்று நம்மில் ஒருவருடையதாகவும் இருத்தல் கூடும். ஆதலின் இச்சரித்திரம் நமக்குப் புறம்பானதன்று.

பிறப்பும் இளமையும்

லூ கெஹ்ரிக் 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள் நியூயார்க் நகரத்திற் பிறந்தார். இவர்தம் பெற்றோர் ஜெர்மனி நாட்டினின்று பிழைப்பு நாடிக் குடியேறியவர்; செல்வமும் செல்வாக்கும் இல்லாதவர். தந்தையார் தகட்டு வேலை செய்பவர். அடிக்கடி நோயுற்று வேலையிழந்திருந்தமையால் குடும்ப பாரம் பெரும்பாலும் தாயார் கிறிஸ்டீனா அம்மையார்மீதே விழுந்தது. அவ்வம்மையார் பிறர் வீடுகளில் சமைத்தும், துணி வெளுத்தும், பெருக்கி மெழுகியும் பொருளீட்டினார். அவர் பெற்ற மக்கள் நால்வருள் மூவர் சிறு பிராயத்திலேயே இறந்தொழிய, எஞ்சியவர் லூ ஒருவரே. ஆகவே தாயின் அன்பும் நம்பிக்கையும் முழுவதும் அவ்வொரு மகனிடத்தே நிலைபெற்றன. தம் மகன் கல்வி கற்று எஞ்சினீயர் ஆகவேண்டுமென்பதே அவ்வன்னையின் விருப்பம்.

பள்ளிப் பருவத்திலேயே இவருடைய தேக வலிமையும் பந்தடிக்கும் திறனும் புலப்பட்டன. 1920ஆம் ஆண்டில், 17 பிராயத்தினராய்ச் சிகாகோ நகரில் தம் பள்ளிக்காக ஆடியபோது, பெரிய சங்கத்து ஆட்டக்காரர்க்கும் அரிதாகிய ஓர் அடியால் பந்தினை மைதானத்திற்கு வெளியே போக்கினார். பின்னர்க் கொலம்பியா சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அவர்தம் தாயார் அச்சர்வகலாசாலை மாணவர் விடுதியொன்றிற் சமையல் வேலை செய்து வந்தவர். தாய் சமைத்த உணவை உண்ணும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் நடுவே மகன் அமர்ந்து பயின்றான் என்பதை எண்ணுமிடத்து, ஏழ்மையினின்று கல்லூரிக்கு வந்த நம் மாணவர் பலருக்கு உள்ளம் நெகிழும் என்பதில் ஐயமில்லை.

ஆயின் அக்கல்வி முற்றுப்பெறவில்லை. 1923ஆம் ஆண்டில் பெற்றோர் நோயாற் பீடிக்கப்பட்டு வீட்டில் வறுமை மிகுந்தது. அப்போது நியூயார்க் யாங்கீஸ் என்னும் கழகத்தார் 1,500 டாலர் முன்பணமளித்து இவரைத் தம் கழகத்திற் சேர்த்துக்கொள்ள முன்வந்தனர். குடும்பத்தின் பொருட்டு இவர் அதனை ஏற்றுக்கொண்டார்.

இரும்புக் குதிரை

1925ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் நாள் தொடங்கி 1939ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் நாள் வரையில், யாங்கீஸ் கழகம் ஆடிய பந்தயங்களுள் ஒன்றேனும் விடாது, தொடர்ச்சியாக 2,130 பந்தயங்களில் லூ கெஹ்ரிக் ஆடினார். அந்நாளில் ஒரு பருவத்திற்கு 150க்கு மேற்பட்ட பந்தயங்கள் நிகழ்வன. காய்ச்சல் வரினும், முதுகு பிடித்துக்கொள்ளினும், விரல் முறியினும் அவர் மைதானத்திற்கு வாராதிருந்ததில்லை. பிற்காலத்தில் அவர் கைகளை எக்ஸ்ரே கதிரால் படம்பிடித்து நோக்கியபோது, எவருக்கும் உரையாது தாமே பொறுத்து ஆறவிட்ட எலும்பு முறிவுகள் பல காணப்பட்டன. ரயில் யந்திரத்திற்கு அந்நாட்டார் வழங்கிய இரும்புக் குதிரை என்னும் பெயரே இவருக்கும் பட்டப்பெயராயிற்று. இவர் நிறுத்திய அவ்வெல்லையை 56 ஆண்டுகள் வரை எவரும் கடந்திலர். 1995ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலேயே கால் ரிப்கன் என்னும் ஆட்டக்காரர் அதனைக் கடந்தார்.

இவருடைய பிற வெற்றிகளையும் சுருங்கக் கூறுவோம். தம் ஆட்ட வாழ்வில் 493 முறை ஹோம் ரன் என்னும் பேரடியை அடித்தார். 1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் நாள் ஒரே பந்தயத்தில் நான்கு முறை அங்ஙனம் அடித்தார். இவர் இருந்த கழகம் இவர் காலத்தில் ஆறுமுறை உலகப் பந்தயத் தொடரில் வெற்றிமாலை சூடியது. பேப் ரூத் என்னும் பெருவீரர் அதே கழகத்தில் ஆடிவந்தமையால் மக்களுடைய ஆரவாரமெல்லாம் அவரையே சூழ்ந்தது. கெஹ்ரிக் அதனைப் பொருட்படுத்தாது தம் கடமையைச் செய்து வந்தார். 1933ஆம் ஆண்டில் எலினார் என்னும் நங்கையை மணந்து இனிது வாழ்ந்தார்.

நோயின் தோற்றம்

1938ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே அவருடைய உடலில் இனந்தெரியாத ஒரு தளர்ச்சி புகுந்தது. அடிக்கும் பந்து முன்போல் தொலைவு செல்லவில்லை. அடுத்த ஆண்டு வசந்த காலப் பயிற்சியில் கால் தடுக்கி விழுந்தார். பிடித்த பந்து கைநழுவியது. முதுமை வந்ததென்று சிலர் கூறினர். பயிற்சி போதாதென்று சிலர் கூறினர். அவரோ முன்னினும் கடுமையாகப் பயிற்சி செய்தார். தளர்ச்சி மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. ஒருநாள், எவரும் எளிதிற் செய்யத்தக்க ஒரு சிறு செயலை அவர் மைதானத்தில் முடித்தபோது, தோழர்கள் அதனைப் பெருஞ்செயல்போற் பாராட்டினர். அப்பாராட்டு அவருடைய நெஞ்சைத் தைத்தது. தம்மால் கழகத்திற்குக் கேடு விளைகின்றதென்பதை அதனால் உணர்ந்தார். 1939ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் டெட்ராய்ட் நகரில், எவரும் கேளாமலே, தம்மை அன்றைய ஆட்டத்தினின்று விலக்கிவிடுமாறு தலைவரிடம் தாமே கூறினார். பதினான்கு ஆண்டுத் தொடர் அன்று முடிவுற்றது.

ஜூன் மாதத்தில் மின்னெசோட்டா மாகாணத்து ராசெஸ்டர் நகரிலுள்ள மேயோ வைத்தியசாலைக்குச் சென்று ஆறு நாள் சோதனைக்கு உட்பட்டார். 19ஆம் நாள், அவருடைய 36ஆம் பிறந்தநாளன்று, நோய் இன்னதென வைத்தியர் தெரிவித்தனர்.

நோயின் இயல்பு

இந்நோயை முதன்முதல் தெளிவாக வகுத்துரைத்தவர் பாரிஸ் நகரத்து ஸால்பெட்ரியேர் வைத்தியசாலையில் இருந்த ஷார்க்கோ என்னும் பேராசிரியர். 1869ஆம் ஆண்டில் இதன் இலக்கணங்களை ஆராய்ந்து வெளியிட்ட அவர், 1874ஆம் ஆண்டில் இதற்குரிய நீண்ட பெயரையும் இட்டார். மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் தசைகளுக்கு ஆணை செலுத்தும் நரம்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிகின்றன. ஆணை கிட்டாத தசை மெலிந்து சூம்புகின்றது. சிலர்க்குக் கையில் தொடங்கும், சிலர்க்குக் காலில், சிலர்க்கு நாவிலும் தொண்டையிலும் தொடங்கிப் பேச்சுக் குழறும். கண்ணின் அசைவும், தொடுவுணர்வும், பார்வையும், செவிப்புலனும் பெரும்பாலும் கெடுவதில்லை. அறிவும் பலர்க்குத் தெளிவாகவே நிற்கும். ஆயின் மூச்சை இழுத்துவிடுவதும் தசைகளின் தொழிலேயாகும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்னும் தசை தளருமிடத்து சுவாசம் குறைகின்றது. இந்நோயாளர் பெரும்பாலோர்க்கு முடிவு நேர்வது இவ்வாறே. நோய் தோன்றியதிலிருந்து மூன்று முதல் ஐந்தாண்டு என்பது பொதுக்கணக்கு. அக்கணக்கினைக் கடந்து நெடுநாள் வாழ்ந்தோரும் உளர். 1963ஆம் ஆண்டில் 21 பிராயத்தில் இந்நோய் உண்டென அறிவிக்கப்பட்ட ஸ்டீவன் ஹாக்கிங் என்னும் பௌதிகப் பேரறிஞர், 2018ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

அறிந்தபின் அவர் ஒழுகிய நெறி

இனி, நாம் கருதி ஆராயவேண்டிய பகுதி இதுவே. கெஹ்ரிக் தம் நோயை மறைத்து ஒளித்துக்கொள்ளவில்லை. வைத்தியர் கொடுத்த கடிதம் ஊரறிய வெளியிடப்பட்டது. 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள் யாங்கீ மைதானத்தில் 60,000க்கு மேற்பட்ட மக்கள் அவரைச் சிறப்பிக்கக் கூடினர். கையிற் கொடுத்த பரிசுகளைத் தாங்கும் வலிமை அவருக்கு இல்லை. ஒவ்வொன்றையும் தரையில் வைத்தார். பேச மறுத்துப் பின்னர் இசைந்து, சிறிது நேரமே பேசினார். அச்சிறு பேச்சில் தமக்கு நேர்ந்த கேட்டினைப் பற்றி முறையிடாது, தம் பெற்றோர்க்கும், மனைவிக்கும், தோழர்க்கும், மைதானப் பணியாளர்க்குமே நன்றி கூறித் தம்மைப் பேறுபெற்றவராகக் கருதுவதாகத் தெரிவித்தார். அவர் அணிந்த 4 என்னும் எண்ணை அக்கழகத்தில் வேறெவர்க்கும் அளிப்பதில்லை என முடிவு செய்யப்பட்டது. பெரிய சங்கங்களின் ஆட்டக்காரருள் அம்மரியாதையை முதலிற் பெற்றவர் அவரே.

புகழுரை கேட்டபின் அவர் வீட்டிற் சும்மா கிடந்தாரல்லர். அதிக ஊதியம் தருவதாகப் பல வணிகர் அழைத்தும் செல்லாது, நியூயார்க் நகரத் தலைவர் லகார்டியா அளித்த ஓர் உத்தியோகத்தை ஏற்றார். சிறைப்பட்டோருள் எவரை முன்னதாக விடுவிக்கலாம் என ஆராயும் குழுவில் உறுப்பினராதலே அவ்வுத்தியோகம். 1940ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கி, நாள்தோறும் அலுவலகஞ் சென்று வழக்குகளை வாசித்தார். சிறைச்சாலைகளுக்கும் சென்று வந்தார். பத்திரிகைக்காரர் தம்மைப் பின்தொடர்தல் ஆகாதென்று வேண்டிக்கொண்டார். கை எழுதுகோலைப் பற்றாத காலம் வந்தபோது, மனைவியார் அவர் கையைப் பிடித்துக் கையொப்பமிட உதவினார். இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே அப்பணியை விட்டார்.

அவருக்கு மற்றொரு துன்பமும் நேர்ந்தது. 1940ஆம் ஆண்டில் யாங்கீஸ் கழகம் தோல்வியுற்று வந்தபோது, கெஹ்ரிக்கின் நோய் தோழர்க்கும் தொற்றியிருக்கலாமென ஒரு பத்திரிகையில் எழுதப்பட்டது. அவரும் அவருடைய தோழரும் வழக்குத் தொடுத்தனர்; அப்பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. அந்நாட்டிலேயே அத்தகைய அச்சம் பரவியதென்றால், நம் சிற்றூர்களில் நோயாளியின் பாத்திரத்தைத் தனியே வைத்தலும், அவர் அருகில் குழந்தைகளை விடாதிருத்தலும் நிகழ்தல் வியப்பன்று. ஆயினும் அவை முற்றிலும் தவறு என்பதை நாம் உரத்துக் கூறவேண்டும்.

மறைத்தலும் உரைத்தலும்

ஒன்றனை மட்டும் இச்சரித்திரத்தில் நாம் பாராட்டத் தயங்குகின்றோம். நோயின் முடிவு இன்னதென்பதை முழுவதும் அவரிடம் உரைத்தல் வேண்டாவென மனைவியார் வைத்தியரைக் கேட்டுக்கொண்டார். வைத்தியரும் நம்பிக்கையூட்டும் மொழிகளையே கூறியும் எழுதியும் வந்தனர். இப்போதுள்ள நிலையிலேயே நிற்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டெனத் தமக்குக் கூறப்பட்டதாக அவர் மனைவிக்கு எழுதினார். வைட்டமின் ஈ என்னும் மருந்தும் ஊசி வழியாக ஏற்றப்பட்டது, பயன் விளையவில்லை. அவர் உண்மையை எவ்வளவு அறிந்திருந்தார் என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒருமனப்படவில்லை. அன்பு காரணமாகவே அவ்வம்மையார் அங்ஙனம் செய்தார். அவரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. மேலும், அன்று உண்மையை உரைத்திருப்பினும் அவர் தெரிந்துகொள்ளத்தக்க வழி வேறொன்றும் இருந்ததில்லை.

இன்றோ நிலைமை வேறு. இன்று நோயாளி தெரிந்தெடுக்கவேண்டிய வழிகள் உள. ஆயினும் நம் வீடுகளில் நிகழ்வது யாது? வைத்தியர் அறையில் நோயாளியை வெளியே இருத்திவிட்டு, மகனும் தம்பியும் மைத்துனரும் உள்ளே சென்று உண்மையைக் கேட்டு வருகின்றனர். அப்பாவிடம் நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் சொல்வோம் என முடிவு செய்கின்றனர். அதனால் அப்பா, தம் நிலத்தைப் பற்றியும், பெண்ணின் கலியாணத்தைப் பற்றியும், தம் சுவாசத்தைப் பற்றியும் தாமே முடிவு செய்யும் காலத்தை இழக்கின்றார். பேச்சுக் குழறிய பின்னர் அவரிடம் கேட்க நினைப்பினும், அவர் விடையளித்தல் அரிதாகின்றது. உண்மையை ஒரே நாளில் கல்லெறிவதுபோல் உரைக்கவேண்டுமென்பதில்லை. அவர் எவ்வளவு கேட்க விரும்புகின்றாரோ அவ்வளவை, அருகிலமர்ந்து, சிறிது சிறிதாக உரைத்தல் வேண்டும். ஆனால் உரைத்தல் வேண்டும்.

மறைவு

1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரத்துத் தம் இல்லத்தில் லூ கெஹ்ரிக் உயிர்நீத்தார். நகரத்துக் கொடிகள் அரைக்கம்பத்திற் பறந்தன. மனைவியார் மறுமணம் செய்துகொள்ளாது, இந்நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஆதரவு தேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டு, 1984ஆம் ஆண்டில் மறைந்தார். அமெரிக்க மக்கள் இன்றளவும் இந்நோயை லூ கெஹ்ரிக் நோய் என்றே வழங்குகின்றனர்.

அவர் காலத்திற்குப் பின்

கெஹ்ரிக் நோயுற்ற காலத்தில் சுவாசத்திற்குத் துணைசெய்யும் யந்திரம் அறவே இல்லாமலில்லை. 1928ஆம் ஆண்டில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த டிரிங்கர் என்பார் இரும்பு நுரையீரல் என்னும் பெட்டியை அமைத்தார். தலையொழிந்த உடல் முழுவதையும் அப்பெட்டிக்குள் வைத்து, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் மூச்சு நிகழச் செய்வர். அது பெரும்பாலும் இளம்பிள்ளை வாதத்திற்கே பயன்பட்டது.

1952ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியபோது, பெட்டிகள் போதவில்லை. இப்ஸன் என்னும் வைத்தியர், தொண்டையிற் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் முறையைக் கையாண்டார். அப்பையை இரவும் பகலும் முறைவைத்து அமுக்கியவர் யார்? ஏறத்தாழ 1,500 மாணவர்! மாதக்கணக்காக அவர்கள் கைகளே பல நோயாளரின் நுரையீரலாக இருந்தன. இக்காலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்றுதற்கு வித்தாக இருந்தது அம்மாணவர் செய்த தொண்டேயாகும்.

பின்னர், தொண்டையைத் துளையாமலே மூக்கிலேனும் முகத்திலேனும் ஒரு கவசத்தைப் பொருத்தி, மூச்சை இழுக்கும்போது மிகுந்த அழுத்தத்தையும் விடும்போது குறைந்த அழுத்தத்தையும் தரும் பைபேப் என்னும் சிறு யந்திரம் வந்தது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து வைத்தியர் 41 நோயாளரிடத்துச் செய்த சோதனையை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் உரிய தசைகள் மிகவும் கெடாதிருந்தோர், இக்கவசத்தால் இடைநிலைக் கணக்கில் 205 நாள் அதிகம் வாழ்ந்ததோடு, நல்ல உறக்கமும் தெளிவும் பெற்றனர். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ரிலுஸோல் என்னும் மருந்தோ ஆயுளைச் சில மாதங்களே நீட்டுவது. நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் கிட்டிலது. எனவே நிலத்தை அடகுவைத்து அற்புத மருந்து தேடி ஓடுவதினும், அப்பொருளைச் சுவாசத்திற்கும் உணவிற்கும் பராமரிப்பிற்கும் செலவிடுதலே அறிவுடைமையாகும்.

நம் பக்கத்தில் செய்யத்தக்கன

சென்னை வைத்தியர்களும் இத்துறையிற் பெயர் பெற்றவரே. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்போர், இளம்பிராயத்தினரைப் பீடித்து, காது கேளாமையோடு கூடி, மெதுவாக வளரும் ஒருவகை இயக்க நரம்பணு நோயை 1970ஆம் ஆண்டில் விளக்கினர். அது சென்னையின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது. ஆகவே கை கால் மெலிந்தோர் அனைவர்க்கும் ஒரே முடிவு என்று கொள்ளாது, நரம்பியல் நிபுணரிடம் சென்று நோயின் வகையைத் துணிதல் முதற்கடமை. அரியலூரில் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. திருச்சியிலும் தஞ்சையிலும் பெரிய அரசினர் மருத்துவமனைகள் உள்ளன. அரியலூரார்க்கு ரயில் உண்டு. ரயில் நிலையம் இல்லாத பெரம்பலூரார்க்கு நெடுஞ்சாலை உண்டு. பிரயாணம் அரிதன்று, காலந்தாழ்த்துதலே கேடு.

நோய் துணியப்பட்டபின் கவனிக்கத்தக்க அடையாளங்கள் சில. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல், இரவில் அடிக்கடி விழித்தல், காலையில் தலைவலி, பகலில் ஓயாத தூக்கம், உரக்க இருமவோ மூக்கை உறிஞ்சவோ இயலாமை என்பன சுவாசத் தசை தளர்வதைக் காட்டுவன. இவை தோன்றுமுன்னரே, ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறை, குழாயில் ஊதிச் சுவாசத்தின் அளவைச் சோதித்தல் நன்று. அளவு பாதியாகக் குறையும்வரை காத்திராமல், கவசம் பொருத்துவதைப் பற்றி வைத்தியரிடம் பேசத் தொடங்கவேண்டும். முதலில் சிறிது நேரம் அணிந்து பழகிப் பின் இரவு முழுவதும் அணிதல் வழக்கம். விழுங்குதல் கடினமாயின், வயிற்றில் நேரே உணவுக் குழாய் அமைப்பதையும் சுவாசம் மிகக் குறையுமுன்னரே முடித்துக்கொள்ளுதல் நலம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். 2021ஆம் ஆண்டுக் கொரோனாத் துயரத்தின்போது ஆக்ஸிஜன் செறிவூட்டும் யந்திரங்கள் பல ஊர்களுக்கும் வந்தன. மூச்சு முட்டுகின்றது என்றவுடன் அதனை மாட்டிவிடுதல் பலர்க்கும் இயல்பாயிற்று. ஆயின் இந்நோயில் குறை நுரையீரலில் இல்லை. காற்றை இழுத்துவிடும் தசையில் உள்ளது. வெளியேறவேண்டிய கரியமில வாயு உள்ளே தங்கிவிடுகின்றது. அந்நிலையில் கவசத் துணையின்றி ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால், சுவாசத் தூண்டுதல் குறைந்து, கரியமில வாயு மேலும் மிகுந்து, நோயாளி மயக்கத்திலாழ்தல் கூடும். வைத்தியர் கட்டளையின்றி அதனைச் செய்யலாகாது.

யந்திரம் வாங்கினால் மட்டும் போதாது. காற்றும் மழையுமான இரவில் மின்சாரம் நின்றால் யந்திரமும் நிற்கும். ஆதலின் இன்வெர்ட்டர் என்னும் மின்கலத் துணையும், அதுவும் கைவிட்டால் கையால் அமுக்கும் ஆம்பு பையும் படுக்கையருகே இருத்தல் வேண்டும். அப்பையை அமுக்க வீட்டில் இருவரேனும் பழகியிருத்தல் வேண்டும். சளியை உறிஞ்சும் கருவியும் வேண்டும். இரவில் விழித்திருப்பவர் ஒருவரேயாயின் அவர் சில மாதங்களில் தாமே நோயாளியாவர். பெரும்பாலும் அவர் மனைவியோ மருமகளோ ஆவர். முறைவைத்து விழித்தலை உறவினர் ஏற்கவேண்டும். 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசினர் திட்டத்தின்கீழ் இயன்முறைப் பயிற்சியாளரும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இல்லத்திற்கே வருதற்கு வழி செய்யப்பட்டது. அதனைக் கேட்டுப் பெறுதல் நலம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் நாட்பட்ட நரம்பு நோய்களும் சேர்க்கப்பட்டுள்ளமையால், அதற்குரிய சான்றிதழையும் நாடலாம்.

கவசமும் போதாத காலம் வரும்போது, தொண்டையில் துளையிட்டு யந்திரத்தை நிரந்தரமாக இணைப்பதா அன்றா என்னும் வினா எழும். இணைத்தால் ஆயுள் நீளும். இரவும் பகலும் இடைவிடாத காவலும் பெருஞ்செலவும் வேண்டும். கை கால்களின் தளர்ச்சியோ நில்லாது. இணையாது, மூச்சுத் திணறல் தோன்றாதவாறு மருந்தளித்து அமைதியாக வழியனுப்புதலும் வைத்திய தருமத்திற்கு இயைந்ததே. எது தக்கதென உரைக்கும் உரிமை நோயாளி ஒருவருக்கே உண்டு. தம் விருப்பத்தை முன்னதாக எழுதிவைப்பது செல்லும் என நம் உச்சநீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து, அதற்குரிய முறையை 2023ஆம் ஆண்டில் எளிதாக்கியது. உண்மையை அறியாதவர் எதனை எழுதிவைப்பார்? ஆகவேதான் மறைத்தலாகாது என மேலே வற்புறுத்தினோம்.

முடிவுரை

லூ கெஹ்ரிக் நோயை வென்றாரல்லர். ஆயினும், வலிமை இருந்த காலத்தில் ஒருநாளேனும் கடமை தவறாதிருந்தார். வலிமை நீங்கியதை உணர்ந்தபோது பிறர் சொல்லுமுன் தாமே விலகினார். நோயின் பெயரை மக்கள் முன் மறைக்காதிருந்தார். கை ஓய்ந்தபின்னும் தம்மாற் செய்யத்தக்க தொழிலைத் தேடிக்கொண்டார். தமக்கு உதவினோரை மறவாது நன்றி பாராட்டினார். அவருக்குக் கிடையாத மூச்சுத்துணை இன்று நம்மவர்க்குக் கிடைக்கக்கூடியதாயிருக்கின்றது. அது கிடைப்பதும் கிடையாததும் பல சமயங்களில் யந்திரத்தைப் பொறுத்ததன்று. அறிந்தவர் ஒருவர் அருகில் இருப்பதைப் பொறுத்ததாகும்.

மாணவ நண்பர்களே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர்ச் சீமைக்கும், சுண்ணாம்புக்கல் நிறைந்த அரியலூர்ச் சீமைக்கும் விடுமுறையில் நீங்கள் திரும்பும்போது, உங்கள் தெருவில் கை மெலிந்தோ பேச்சுக் குழறியோ ஒருவர் இருப்பாராயின், அவர் வாயிலிற் சென்று அமருங்கள். அவருடன் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள்; படிவங்களை நிரப்பிக் கொடுங்கள்; ஆம்பு பையை அமுக்கும் முறையைக் கற்று, வாரத்தில் ஓரிரவு விழித்திருந்து அவ்வீட்டுப் பெண்மக்களை உறங்கச் செய்யுங்கள். கோபன்ஹேகன் மாணவர் செய்தது நம் மாணவராலும் இயலும். அத்தொண்டினைச் செய்வோர்க்கு இச்சரித்திரத்தை வாசித்ததன் பயன் கைகூடியதாகும் என்பது எம் துணிபு.